காணாத இரவுகளின் கணக்கு

வகுப்பறையுள் நுழையும் ஆசிரியர், இடாப்பைத் திறக்குமுன்னரே, புதிய முகம் ஒன்று அமர்ந்திருப்பதை அறிந்துகொள்கின்றார். எண்ணிப் பார்த்து அறிவதன்று. நாள்தோறும் பார்த்த பழக்கத்தால் அறிவது. அதே வழியால் வானத்திலே புதியவற்றைக் கண்ட ஒருவரைப் பற்றி இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

அவர் பெயர் ராபர்ட் எவன்ஸ். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே கிறித்தவப் போதகராகப் பணியாற்றியவர். வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைகாட்டியை வீட்டு முற்றத்திலே வைத்துக்கொண்டு, அவர் சூப்பர்நோவாக்களைத் தேடினார்.

சூப்பர்நோவா என்பது யாது? விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும் நிகழ்ச்சியே அது. பேருருவான விண்மீனின் எரிபொருள் தீர்ந்ததும், அதன் உட்கரு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது இடிந்து வீழ்கின்றது. புறப்படைகள் வெடித்துப் பறக்கின்றன. வெடிப்பு வேறு வகையாலும் நிகழ்வதுண்டு. எவ்வாறாயினும், நமது பால்வீதி போன்ற உடுத்தொகுதி ஒன்றிலே அது நூறு ஆண்டுகளுக்கு ஓரிரு முறையே நிகழும். ஒன்றையே பார்த்திருப்பவர் வாழ்நாள் முழுதும் ஏமாறக்கூடும். ஆகவே நூற்றுக்கணக்கான உடுத்தொகுதிகளை மாறிமாறிப் பார்த்தல் வேண்டும்.

சிறிய தொலைகாட்டியிலே தூரத்து உடுத்தொகுதி மங்கிய புகைத்திட்டாகத் தோன்றும். அதனருகே நமது பால்வீதியின் விண்மீன்கள் சில சிதறிக் கிடக்கும். இக்காட்சிகளை எவன்ஸ் நூற்றுக்கணக்கில் மனத்திற் பதித்திருந்தார். இருந்திராத புள்ளி ஒன்று சேர்ந்திருந்தால் அவர் கண் அதனைக் கண்டுவிடும். ஆயினும் அவர் உடனே ஆரவாரிக்கமாட்டார். அது குறுக்கே செல்லும் சிறுகோளாகவும் இருக்கலாமன்றோ? சிறுகோள் சில மணி நேரத்திலே இடம்பெயரும். சூப்பர்நோவா நின்ற இடத்திலேயே நிற்கும். வேறொருவரும் பார்த்து உறுதிசெய்தபின்னரே அது கண்டுபிடிப்பாகும்.

பல ஆண்டுத் தேடலின் பின், 1981இல் முதல் வெற்றி கிட்டியது. 1983 ஜூலை 3ஆம் நாள், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 83 என்னும் உடுத்தொகுதியிலே ஒன்றைக் கண்டார். அது உச்ச ஒளியை அடையுமுன்னரே செய்தி பரவியதால், வானியலாளர் தொடக்கமுதல் ஆராய முடிந்தது. ஐதரசன் புறப்படையை இழந்தபின் வெடிக்கும் விண்மீன் வகைக்கு அது முன்மாதிரியாயிற்று. இவ்வாறு கண்ணாலேயே அவர் கண்டவை 40க்கும் மேற்பட்டவை.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. எதுவும் தோன்றாத இரவுகளையும் அவர் குறித்து வைத்தார். எத்தனை முறை பார்த்தும் எத்தனை முறை காணவில்லை என்பது தெரியாவிடின், வெடிப்புகள் எவ்வளவு அரியவை என்று கணக்கிட இயலாது. 1987இல் வானியலாளர் சிட்னி வான் டென் பேர்க், ராபர்ட் மக்கிளூர் ஆகியோர் எவன்சுடன் சேர்ந்து அக்கணக்கை வெளியிட்டபோது, அந்த வெறும் இரவுகளும் அறிவாயின.

இடாப்பிலே வந்தவரை மாத்திரம் குறித்தால் அது இடாப்பாகாது. வராதவரையும் குறித்தல் வேண்டும். எவன்ஸ் 2022இல் மறைந்தார். இன்று தானியங்கிக் கருவிகள் வானத்தை இரவுதோறும் படம்பிடிக்கின்றன. எனினும் ஒன்றும் காணவில்லை என்பதை நேர்மையுடன் எழுதி வைக்கும் பழக்கத்தை, மாணவர்கள் அந்த முற்றத்து மனிதரிடமிருந்தே கற்கலாம்.