பெடல்களைத் தாங்கும் பலகை

மின் கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் ஒலிமாற்றும் பெடல்களுக்குப் பெருந்தொகையைச் செலவிடுகின்றனர். ஆயினும், அவற்றைத் தாங்கும் பலகையைப் பற்றி இறுதியிலேயே சிந்திக்கின்றனர். இப்போக்கு மாறவேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

கிற்றாரின் மின்சமிக்ஞை ஒவ்வொரு பெடலையும் வரிசையாகக் கடந்தே ஒலிபெருக்கியை அடைகின்றது. இடையில் ஓர் இணைப்பு அறுந்தாலும் வாத்தியம் முழுவதுமே மௌனித்துவிடும். பலகை வளையும்போது முதலில் பாதிக்கப்படுவன இவ்விணைப்புகளே. ஆகவே, உறுதி என்பது வெறும் தோற்றத்துக்கான விடயமல்ல.

பற்றவைக்கப்பட்ட அலுமினியச் சட்டம் பாரம் குறைந்தது, எளிதில் வளையாதது. அதன் இடைவெளிகளினூடே வயர்களை ஒழுங்காகக் கொண்டுசெல்லலாம். தடித்த ஒட்டுப்பலகையும் நன்கு உழைக்கும். ஆனால், அழுத்திய மரத்தூள் பலகை பாரமானது, ஈரம்பட்டால் ஊதிவிடும்.

அளவையும் முன்கூட்டியே கணிப்பது அவசியமாகும். ஜப்பானின் பொஸ் நிறுவனத்தின் வழமையான சிறிய பெடலொன்று 73 மில்லிமீற்றர் அகலமுடையது. அத்தகைய ஐந்து பெடல்களுக்கு 365 மில்லிமீற்றர் தேவை. இடையிலுள்ள செருகிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ அரை மீற்றர் வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற் நேரோட்டம் தேவைப்படுவதால், மின்வழங்கியைப் பலகையின் அடியில் பொருத்த இடமுண்டா என்பதையும் கவனத்திற்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் பலகையைத் தரையில் வைத்து, ஒரு மூலையைக் காலால் அழுத்திப் பார்ப்பது நன்று. மறுமூலை எழும்பினாலோ நடுப்பகுதி தாழ்ந்தாலோ அதனைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். பலகையில் மிச்சம்பிடிக்கும் பணத்துக்கு மேடையில் விலைகொடுக்க நேரிடலாம்.