சாகும்போது என்ன சொன்னாங்க?

எனக்கு ஊரு கீரிப்பாறை. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போன அம்மச்சிதான் தேவசகாயம் பிள்ளை கதையை எனக்கு முதல்ல சொன்னாங்க. நட்டாலத்துல பிறந்து, 1745-ல ஞானஸ்நானம் வாங்கி, 1752 ஜனவரி 14 அன்னைக்கு ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022-ல புனிதரா அறிவிச்சாங்க. அவரை 'மறைசாட்சி'ன்னு சொல்றோம். கிரேக்கத்துல 'மார்ட்டிஸ்'னாலும் சாட்சின்னுதான் அர்த்தம்.

சாட்சின்னா ஏதாவது சொல்லணும் இல்லையா? வேதாகமத்துல கொல்லப்படுறவங்க கடைசியா என்ன சொல்றாங்க?

2 நாளாகமம் 24-ல சகரியா. யோவாஸ் ராஜா கட்டளைப்படி ஆலய முற்றத்துலயே கல்லெறிஞ்சு கொல்றாங்க. கடவுள் இதைப் பார்த்துக் கணக்குக் கேட்கணும்னு சொல்லிட்டுச் சாகிறார். அப்போஸ்தலர் 7-ல ஸ்தேவான். அவருக்கும் கல்லெறிதான். ஆனா இந்தப் பாவத்தை இவங்க மேல சுமத்தாதேன்னு ஜெபிக்கிறார்.

'பாத்தீங்களா, யூதர்னா பழி, கிறிஸ்தவம்னா மன்னிப்பு'ன்னு பலர் முடிச்சிடுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். அது தப்பு.

புதிய ஏற்பாட்டுலயே, வெளிப்படுத்தல் 6-ல, கொல்லப்பட்ட கிறிஸ்தவ ஆத்துமாக்கள் 'எங்க ரத்தத்துக்கு எப்போ நீதி?'ன்னு கதறுறாங்க. அந்தப் பக்கம் பாருங்க, 2 மக்கபேயர் 6-ல 90 வயசு யூதர் எலயாசர். பன்றிக்கறி தின்னா உயிர் பிழைக்கலாம். வேற கறியைக் கொண்டுவந்து தின்ற மாதிரி நடிச்சாலே போதும்னு நண்பர்கள் சொல்றாங்க. இளைஞர்கள் என்னைப் பார்த்து ஏமாந்துடுவாங்கன்னு மறுத்துட்டுச் சாகிறார். பழியைப் பத்தி அவர் பேசவே இல்ல. இந்த நூல் யூத வேதத்துல இல்ல, கத்தோலிக்க வேதாகமத்துல இருக்கு. ஆனா கதை யூதருடையது.

யூத ரபிகள் இன்னும் ஒரு படி போறாங்க. கட்டளைகளால மனுஷன் வாழணும்னு லேவியராகமம் 18 சொல்லுது. அதனால உயிரைக் காக்க ஓய்வுநாளையும் மீறலாம். சிலை வழிபாடு, கொலை, தகாத உறவு, இந்த மூணுக்கு மட்டும்தான் 'செத்தாலும் செய்யாதே'. சாவு அவங்களுக்கு லட்சியமே இல்ல.

திரும்ப சகரியாவுக்கு வருவோம். சின்ன வயசுல யோவாசைக் கொலையிலிருந்து மறைச்சு வளர்த்து ராஜா ஆக்கினது சகரியாவோட அப்பா குடும்பம்தான். அந்த நன்றியை மறந்த கொலை இது. சகரியா கேட்கிறது நீதி, அதையும் கடவுள் கையில விட்டுட்டார். ஸ்தேவானும் மன்னிக்கும்போது, நடந்ததைப் 'பாவம்'னு பேர் சொல்லித்தான் மன்னிக்கிறார்.

அதனால, 'மன்னிச்சு விட்டுருப்பா'ன்னு யாராவது அவசரமா சொன்னா, நடந்தது தப்புன்னு முதல்ல ஒத்துக்கிறாங்களான்னு கேளுங்க மக்கா.