கவுன்சிலர் வேட்பாளரைப் பெண்கள் கூடி ஆதரிக்கும்போது

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 70 வார்டுகள் ஆயின. முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட, 25 வயது வசந்தகுமாரி கமலக்கண்ணன் அந்த நாற்காலியில் அமர்ந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016-ல் சட்டம் செய்ததால், மன்றத்துக்குள் பெண்கள் பெருமளவில் வந்தார்கள்.

அந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. யாருக்கு சீட்டு என்பதைக் கட்சி முடிவு செய்யும். யாருக்கு ஆதரவு என்பதை வார்டுப் பெண்கள் கூடி முடிவு செய்து வெளிப்படையாகச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். பேசவும் சங்கமாகக் கூடவும் அரசமைப்பின் 19-வது பிரிவு உரிமை தருகிறது. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் இதைத்தான் செய்தது. சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921-ல் வாக்குரிமையும், 1926-ல் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் உரிமையும் கிடைத்தன. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் களமிறங்கினார். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் உடன் நின்று பிரச்சாரம் செய்தும், சொற்ப வாக்குகளில் தோல்வி. சங்கம் சோர்ந்துவிடவில்லை. நியமன உறுப்பினர் இடத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை முன்னிறுத்தியது. மருத்துவப் பணி கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கியவர், உள்ளே போனதும் சட்டமன்றத் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். பதவிக்கு அலைந்தவரைத் தேடாமல், வேலை தெரிந்தவரைத் தேடிப்போன அந்தத் தேர்வு இன்றைக்கும் நல்ல பாடம்.

உலகில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய எமிலிஸ் லிஸ்ட், தன் கொள்கைக்கு ஒத்த ஜனநாயகக் கட்சிப் பெண்களைத் தேர்ந்து பணம் திரட்டித் தருகிறது. அதே நாட்டில் 1920-ல் பிறந்த பெண் வாக்காளர் கழகம் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை அப்படியே மக்கள் முன் வைக்கிறது. பணபலம் இல்லாத புறநகர்க் குழுவுக்கு இரண்டாவது வழியில் தொடங்குவதே பாதுகாப்பு. பதில்களை வெளியிட்ட பிறகு, உறுப்பினர்கள் வாக்களித்து ஒருவரை ஆதரிக்கலாம்.

கேள்விகள் வார்டு மண்ணிலிருந்து வர வேண்டும். உங்கள் தெருவுக்குக் குடிநீர் எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது? மழைநீர் வடிகால் எந்த ஏரியில் முடிகிறது? பாதாளச் சாக்கடை எதுவரை வந்திருக்கிறது? 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த மேற்குத் தாம்பரத்தில், இவற்றுக்கு வாய்ப்பேச்சாகப் பதில் சொல்லித் தப்ப முடியாது. இன்னொரு கேள்வி: வார்டு மக்கள் கூடிப் பேசும் நகர சபைக் கூட்டம் நடத்துவீர்களா? 2022 நவம்பர் 1-ல் பம்மலின் 6-வது வார்டில் முதலமைச்சரே உட்கார்ந்த கூட்டம் அது. ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர் என்றால் மன்றக் கூட்ட வருகையையும் வார்டில் செலவான தொகையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.

வேட்பாளரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது முக்கியம். வீட்டுக்காரரோ கட்சிக்காரரோ பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தால், நாளை கோப்பு யார் மேசைக்குப் போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெண் பெயரில் ஆண் ஆளும் வழக்கம் நாடு முழுக்க உள்ள நோய். ஊராட்சிகளில் இதைத் தடுக்க ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023-ல் அமைத்த குழு, பதிலி ஆட்சி நிரூபணமானால் கடும் தண்டனை வேண்டும் என்று 2025-ல் பரிந்துரைத்தது. வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தில் யாராவது மாநகராட்சி ஒப்பந்ததாரரா என்று நேரடியாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி ஆபத்துகள். நல்லெண்ணத்தோடு நோட்டீஸ் அடித்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நிஜமானது. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகக் கூட்டம், விளம்பரம், துண்டறிக்கைக்குச் செலவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 176-வது பிரிவின்படி குற்றம்; 10,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 500 ரூபாயாக இருந்தது. எதிர் வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே வாட்ஸ்அப்பில் பரப்பினால் 175-வது பிரிவு பாயும். வாக்குக்குப் பணம் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. வெளிநாட்டுப் பணத்தைத் தேர்தல் பக்கம் கொண்டுவரவே கூடாது.

சுய உதவிக் குழுவின் பெயரை இதில் இழுப்பதும் தவறு. கடனுக்குக் கையெழுத்திடும் தலைவியே வாக்குக்கும் சிபாரிசு செய்தால், மறுத்தவருக்கு அடுத்த கடன் வருமா என்ற பயம் கிளம்பும். கடனைக் காட்டி மிரட்டினால் அது அதே சன்ஹிதாவின் 171-வது பிரிவு சொல்லும் முறையற்ற செல்வாக்கு. ஆதரவுக் குழு தனியாக இருக்கட்டும். வரவு செலவு நோட்டும் தனியாக இருக்கட்டும். வேட்பாளரின் உறவினராக உள்ள உறுப்பினர் வாக்கெடுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

மிரட்டலோ பணப் பட்டுவாடாவோ நடந்தால், தேதி, இடம், சாட்சியுடன் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு. எனவே மனு வார்டின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாநில ஆணையத்துக்கும் போக வேண்டும்; குற்றம் என்றால் காவல் நிலையத்துக்கும். முடிவு வந்தபின் அதை எதிர்க்கத் தேர்தல் மனு ஒன்றே வழி. அதற்கான கெடு குறுகியது என்பதால் உடனே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த வார்டில் இருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள். அடையாள அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை என்றால் வாக்களிக்கவும் முடியாது, போட்டியிடவும் முடியாது. 21 வயது நிறைந்து, மாநகராட்சிப் பட்டியலில் பெயர் உள்ள பெண், சட்டத் தடை ஏதும் இல்லையென்றால் நிற்கலாம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், கட்சிகள் பட்டியல் வெளியிடும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே அவரிடம் போய்ப் பேசுங்கள்.