கண்டி முஸ்லிம் ஹோட்டலில் ஒரு மாலை



கண்டி மாநகரைக் காதால் அறிந்துகொள்ளலாம் என்று கூறுவோர் உண்டு. காலையில் தலதா மாளிகையின் முரசொலி. பகலில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே பஸ் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவும் ஆரவாரம். பொழுது சாய்ந்ததும் தலதா வீதியில் இரும்பின் மேல் இரும்பு விழும் தாளம். இந்த மூன்றாவது ஓசையைப் பின்பற்றி அண்மையில் ஒரு மாலை நானும் நண்பர் ஒருவரும் கண்டி முஸ்லிம் ஹோட்டலின் வாயிலை அடைந்தோம்.

ஹோட்டல் என்ற பெயரைக் கண்டு, தங்குவதற்கு அறை கிடைக்குமென்று பெட்டியுடன் நுழையும் வெளிநாட்டார் இன்றும் இருக்கலாம். நம் நாட்டில் அச்சொல் சோறும் ரொட்டியும் தேநீரும் கிடைக்கும் இடத்தையே குறிக்கும். படுக்கையை அங்கே எதிர்பார்த்தல் ஆகாது. இந்தக் கடையின் சமோசாவும் அகன்ற நாண் ரொட்டியும் பிரயாண நூல்களிலும் இடம்பெற்றவை. ஆயினும் வழிப்போக்கரை நிற்கச் செய்வது, முன்புறத்தில் எல்லோரும் காணத் தயாராகும் கொத்து ரொட்டியே.

அதன் செய்முறையைச் சற்று உற்று நோக்குவோம். கோதுமை மாவை உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெயில் ஊறவிடுகிறார்கள். பிசைந்த மாவில் உள்ள புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு இழுத்தால் மீளும் தன்மையைப் பெறுகிறது. ஓய்வு கொடுத்தால் அவ்விறுக்கம் தளர்கிறது. அப்போதுதான் அதனைக் கைக்குட்டை போல மெல்லியதாக வீச முடியும். சுட்ட ரொட்டியைச் சூடான இரும்புத் தட்டில் இட்டு, வெங்காயம், லீக்ஸ், முட்டை, இறைச்சி இவற்றுடன் இரண்டு தகட்டுக் கத்திகளால் கொத்துகிறார் சமையற்காரர். இறுதியில் முஸ்லிம் மக்கள் ஆணம் என்று வழங்கும் குழம்பை அள்ளி ஊற்றுகிறார். ஆணம் இல்லையேல் கொத்து வெறும் மாத்துண்டுகளே. பகலில் மிஞ்சிய ரொட்டியை இரவில் விலைபோகச் செய்யும் சிக்கனத்துக்கும் இது நல்ல வழி.

யப்பானில் சில ஆண்டுகள் தொழில் புரிந்து திரும்பிய என் நண்பர், தட்டில் வந்ததைப் பார்த்ததும் "தொன்கொத்சு" என்றார். கொத்து என்பதை யப்பானியர் அவ்வாறு சொல்வர் போலும் என்று நான் மயங்கினேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். தொன் என்றால் பன்றி. கொத்சு என்றால் எலும்பு. ஒலி மாத்திரம் ஒத்திருக்கிறது. உறவு எதுவும் இல்லை. யப்பானின் தெற்கே கியூசூ தீவில், புக்குவோக்கா நகரத்து ராமென் கடைகளில் பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுக்கும் சாற்றுக்கு அப்பெயர். அச்சாற்றில் மெல்லிய கோதுமை நூலப்பத்தை இட்டுத் தருகிறார்கள். நூலப்பம் தீர்ந்து சாறு எஞ்சினால், நூலப்பத்தை மாத்திரம் மறுபடி கேட்டு வாங்கலாமாம். இது நமது ஹோட்டல்களில் "இன்னும் கொஞ்சம் ஆணம்" என்று கேட்பதன் மறுபுறம் அன்றோ!

அந்தச் சாறு பால்போல வெண்மையாயிருப்பதன் காரணம் சுவையானது. எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜென் என்னும் பொருள் நெடிய கொதிப்பில் கரைந்து ஜெலட்டினாகிறது. கொதிநீரின் வேகத்தில் கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகச் சிதறுகிறது. அத்துளிகள் மீண்டும் ஒன்றுகூடாதபடி ஜெலட்டின் தடுக்கிறது. சிதறிய துளிகளின் மீது ஒளி பட்டுத் தெறிப்பதால் வெண்மை தோன்றுகிறது. மெல்லிய தீயில் காய்ச்சினால் தெளிந்த சாறே கிடைக்கும். குறுமே என்னும் ஊரில் 1937இல் இவ்வகை ராமென் தோன்றியது என்றும், 1947இல் அடுப்பில் அளவுக்கு மிஞ்சிக் கொதித்துவிட்ட பானையொன்றிலிருந்தே வெண்சாறு பிறந்தது என்றும் அவ்வூரார் கூறுவர். முஸ்லிம் கடையில் பன்றிக்கு இடமில்லை. ஆனால் நம் வீடுகளில் ஆட்டுக்காலை வேகவைத்துச் சூப்புச் செய்கையில் விரல்களில் ஒட்டும் பிசுபிசுப்பும் அதே ஜெலட்டின்தான்.

இவ்விரண்டு உணவுகளுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. யப்பானும் இலங்கையும் அரிசி உண்ணும் நாடுகள். 1942இல் பர்மா வீழ்ந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நமக்கு நின்றுபோயிற்று. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. 1945இல் போரில் தோற்ற யப்பானிலும் அரிசிப் பஞ்சம். அமெரிக்க மாவு குவிந்தது. தெருவோரத்தில் நூலப்பக் கடைகள் பெருகின. பஞ்சம் அகன்ற பின்பும் நாக்கு அதனை விடவில்லை. வித்தியாசம் ஒன்றுண்டு. யப்பானில் கோதுமை ஓரளவு விளைகிறது. நம் நாட்டுத் தேவையோ முழுவதும் கப்பலில் வருவது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அரைப்பது இங்கே, விளைவது வேறெங்கோ. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மாவின் விலை உயர்ந்ததையும், எரிவாயு இன்றிப் பல சாப்பாட்டுக் கடைகள் கதவடைத்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொத்தின் விலையைக் கொண்டே நாட்டின் நிலையை அளக்கும் பழக்கம் அப்போது எனக்கு ஏற்பட்டது, இன்னும் போகவில்லை.

கண்டியில் கொத்தின் ஓசை அடங்கிய இரவுகள் வேறும் உண்டு. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கண்டியில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மாலையில் யாரோடும் மேசையைப் பகிர்ந்து உண்ணலாம் என்ற நம்பிக்கையே இத்தகைய கடைகளின் மூலதனம். மாவு தீர்ந்தால் வேறு கப்பல் வரும். இதற்குக் கப்பல் கிடையாது.

நாங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு, இடமின்மையால், சிங்களக் குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தது. அவர்களின் சிறுவன் கொத்து தாமதமாவதைப் பொறுக்காமல் கரண்டியால் மேசையில் தாளம் போட்டான். தாய் அதட்டினார். என் நண்பர் தம் தட்டிலிருந்து ஒரு சமோசாவை அவன் பக்கம் நகர்த்தினார். சிறுவன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்ததும் எடுத்துக்கொண்டான். வாயிலில் இரும்பு ஒலித்துக்கொண்டிருந்தது.