திறந்த கல்வி வளங்கள்



கல்லூரியில் காலடி வைக்கும் இளைஞர் பலர்க்கு முதலில் எதிர்ப்படும் தடை நூலின் விலை. பாடத்தின் கடுமை அதற்குப் பின்னரே வருகிறது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுவோர் பலர் உளர். மீன்பிடித் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ பெற்றோர் உழைத்து ஈட்டும் பொருளைக் கொண்டு, ஒரு பருவத்திற்குரிய நூல்களையெல்லாம் வாங்குதல் எளிதன்று. நூல் இல்லாதவர் பிறர் எழுதிய குறிப்பை நம்பிப் படிக்கின்றனர். குறிப்பில் இல்லாதது அவர்தம் கல்வியிலும் இல்லாமற் போகிறது. இக்குறையைத் தீர்க்க வந்த வழிகளுள் ஒன்றே 'திறந்த கல்வி வளம்' எனப்படுவது.

அஃது யாது? விலையின்றிக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் ஆகுமா? ஆகாது. நூலகத்தில் ஒரு நூலை விலையின்றிப் படிக்கலாம். ஆனால் அதனை மறுபடி அச்சிடவோ மொழிபெயர்த்து வெளியிடவோ நமக்கு உரிமையில்லை. ஆக்கியோரே அவ்வுரிமையை முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்ட பாடமே திறந்த வளம். அதனை நாம் வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், திருத்தியமைக்கலாம், வேறொன்றுடன் சேர்க்கலாம், பிறர்க்கு வழங்கலாம். இவ்வைந்து உரிமைகளே அதன் உயிர். ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனையாக இருக்கும். இத்தகைய உரிமங்களுள் மிகுதியாக வழங்குவது, 2002ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமம்.

பெயர் புதிதாயினும் எண்ணம் நமக்குப் புதிதன்று. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததையும், அதற்கு நிலம் விடப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டு கூறுகிறது. கல்விச் செலவை அன்று அறக்கட்டளை தாங்கியது. எனினும் அத்தகைய கல்வியின் வாயில் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. விடுதலைக்குப் பின் வேறொரு வாயில் திறந்தது. 1949இல் பாரதியார் படைப்புக்களின் உரிமையைச் சென்னை அரசு பெற்றது. பின்னர் அது மக்களுக்கே உரியதாயிற்று. அதன் பயனாக எவரும் அவற்றை அச்சிட முடிந்தது. மலிவுப் பதிப்புக்களும் பெருகின.

பல்கலைக்கழகப் பாடங்களிலும் இம்முறை பின்னர் நுழைந்தது. 2001இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் வகுப்புப் பாடங்களை உலகத்தார் அனைவர்க்கும் வழங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டு பாரிஸ் நகரில் யுனெஸ்கோ கூட்டிய அவையில் 'திறந்த கல்வி வளம்' என்னும் பெயர் பிறந்தது. 2019இல் யுனெஸ்கோ பொது மாநாடு இதற்கென ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது.

தமிழர் இதற்கு முன்னரே இத்தகைய பணியைத் தொடங்கிவிட்டனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தோன்றியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் பணியாற்றிய முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்திய அத்திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி இலக்கியங்களைத் தட்டெழுதினர், பிழை திருத்தினர். முகப்புப் பக்கத்தை மாற்றாமல் எவரும் அந்நூல்களைப் பரப்பலாம் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை.

2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'என்.பி.டெல்.' என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதனால், சென்னைக் கழகத்துப் பேராசிரியர் நடத்தும் பாடத்தை எண்ணூரில் இருக்கும் மாணவரும் கேட்கலாம். வகுப்பில் ஒருமுறை சொன்னது காற்றோடு போய்விடும். இங்கோ விளங்காத இடத்தில் நிறுத்தி மீண்டும் கேட்கலாம். பகலில் வேலைக்குச் செல்பவர் இரவில் கேட்கலாம். கற்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் உண்டு. 2021ஆம் ஆண்டு விதிப்படி, கல்வி நிறுவனம் இசைந்தால், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' வழியே பயிலலாம்.

அப்படியாயின் ஆசிரியர் வேண்டாவோ? முன்னிலும் மிகுதியாக வேண்டும். பல வளங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் எடுத்துக்காட்டுக்கள் வேற்று நாட்டவை. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவர் கதவு திறந்திருந்தும் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். இங்கேதான் திருத்தியமைக்கும் உரிமையின் அருமை விளங்கும். நீரில் எண்ணெய் பரவுவதைப் பற்றிய பாடம் ஒன்று திறந்த உரிமத்துடன் கிடைக்கிறது எனக் கொள்வோம். அதனைத் தமிழில் பெயர்த்து, 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து மீனவர் வாழ்வைப் பாதித்த செய்தியையும் ஆசிரியர் அதனுடன் சேர்க்கலாம். அப்போது வேதியியல் தம் வீட்டு வாயிலிலேயே இருப்பதை மாணவர் உணர்வர். விலையின்றிப் படிக்க மட்டும் இசைவு தந்த பாடத்தில் இதனைச் செய்ய இயலாது.

மாணவர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு பாடத்தை எடுக்கும்போது அதன் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். ஆக்கியோர் பெயரை மறைத்துத் தம் கட்டுரையாகக் காட்டுதல் திருட்டே ஆகும். பத்துக் கலைச்சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி அடுத்த ஆண்டு மாணவர்க்குக் கொடுத்தாலும் அது நன்கொடையே. நமக்கு முன்னே பலர் ஊதியம் கருதாது உழைத்ததால் இவ்வேடுகள் நம் கைக்கு வந்துள்ளன. அவற்றைப் படித்துப் பயனடைவதோடு நில்லாது, நம் பங்கிற்கு ஓர் ஏட்டையேனும் அவற்றுடன் சேர்ப்போமாக.