‘என்ன செய்யுது?’ ‘நீங்க யாரு?’: வெளிநாட்டாரும் மருத்துவக் காப்பீடும்

1

சட்டத்துக்கு ‘வெளிநாட்டார்’ என்றால் ஒரே ஆள். நம்ம ஊர்ப் பேச்சுக்கு அப்படியில்லை. வானூர் வட்டத்தில், ஆரோவில்லில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஜெர்மன்காரர் சுற்றுவட்டார ஜனங்களுக்கு ‘வெள்ளைக்காரர்’. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு ‘எக்ஸ்பேட்’. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு முகாம். அங்கே இருப்பவர் ‘அகதி’. திண்டிவனத்திலிருந்து குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகிறவர் இங்கே ‘ஃபாரின்ல இருக்கிறவர்’, போன இடத்தில் வெறும் ‘லேபர்’. மூன்று பேருமே தாங்கள் வாழும் மண்ணின் சட்டத்துக்கு அந்நியர்கள்தாம். மூன்று பேருக்கும் காய்ச்சல் வரும், நெஞ்சு வலிக்கும், பிள்ளை பிறக்கும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நடப்பது மூன்று விதம்.

இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது நோய் அல்ல. காப்பீடு என்ற காகிதம். அந்தக் காகிதம் எப்படி வேலை செய்கிறது, அது யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் விடுகிறது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் காசு போட்டு வைப்பது, சீக்கு வந்தவர் எடுத்துக்கொள்வது. காப்பீட்டின் பாலபாடம் இவ்வளவுதான். இதை மட்டும் பார்த்தால் மொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மொய் நோட்டில் பெயர் இருக்கிறது. யார் எவ்வளவு வச்சாங்க, நாம எவ்வளவு திருப்பி வைக்கணும் என்கிற முகமறிந்த உறவு இருக்கிறது. காப்பீட்டில் முகம் கிடையாது. வயது, பால், தொழில், ஏற்கெனவே உள்ள நோய், வாழும் நாடு எனப் பிரிக்கப்பட்ட தொகுதிகள்தான் உண்டு. ஃபூக்கோவிடம் உதவியாளராக இருந்த ஃபிரான்ஸ்வா எவால்ட், நலவாழ்வு அரசு பற்றி 1986இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்குகிறார். அபாயம் என்பது உலகத்தில் தானாகக் கிடக்கிற பொருளல்ல. மக்களை எப்படிப் பகுத்துக் கணக்கிடுகிறோம் என்பதிலிருந்து உண்டாக்கப்படுவது.

1883இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, அது தொழிலாளி என்ற வகைக்குத்தான் கொண்டுவரப்பட்டது. இங்கே 1948இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டமும் அப்படியே. ஆகக் காப்பீட்டின் முதல் கேள்வி எப்போதுமே ‘நீங்க யாரு?’ என்பதுதான். ‘என்ன செய்யுது?’ என்பது இரண்டாவது. அரசு ஆஸ்பத்திரியில், கொள்கையளவிலாவது, இந்த வரிசை தலைகீழ். ஓ.பி. சீட்டில் பேர், வயசு, ஊர் எழுதியவுடன் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி ‘என்ன செய்யுது?’ இவ்விரண்டு கேள்விகளில் எது முன்னே நிற்கிறது என்பதில்தான் நம் விஷயமே அடங்கியிருக்கிறது.

3

வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவருக்கான சர்வதேச பாலிசிகளில் பொதுவாகக் காணப்படும் சில ஷரத்துகளைப் பார்ப்போம். உலகம் முழுக்கச் செல்லும் பாலிசிக்கு ஒரு பிரீமியம். அமெரிக்காவைக் கழித்துவிட்டால் அதைவிடக் குறைவு. மருத்துவச் செலவு எங்கே அதிகம் என்பதைக் காட்டும் நிஜமான உலகப்படம் இதுதான். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு விலக்கு, அல்லது காத்திருப்புக் காலம். பிறகு வருவது மிக முக்கியமான ஷரத்து: இருக்கும் இடத்தில் ‘போதுமான வசதி’ இல்லாவிட்டால், வசதியுள்ள இடத்துக்கு, தேவைப்பட்டால் விமானத்தில், எடுத்துச் செல்லும் செலவு. எது போதுமான வசதி என்று பெரும்பாலும் கடைசியில் முடிவு செய்வது காப்பீட்டுக் கம்பெனி அமர்த்திய டாக்டர்.

‘வளரும் நாடு’ என்ற கற்பிதம் இந்த ஷரத்தில்தான் குடியிருக்கிறது. இருக்கும் இடம் எந்நேரமும் விட்டுக் கிளம்ப வேண்டிய இடம் என்பது அதன் உள்ளர்த்தம். இது இன்றைக்கு வந்ததல்ல. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் குறித்து ஆராய்ந்த ராயல் கமிஷன் 1863இல் அறிக்கை தந்தபோது, ஆயிரம் சிப்பாய்களுக்கு வருஷத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் சண்டையில் அல்ல, காய்ச்சலிலும் பேதியிலும். அதற்கு முன்பே 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சாவுக்குப் பயந்து கொடைக்கானல் மேலே ஏறியிருந்தார்கள். மலைவாசஸ்தலம்தான் அந்தக் காலத்து ‘எக்ஸ்பேட்’ இன்சூரன்ஸ். பிரீமியம் கட்டியது மிஷன் அல்லது கம்பெனி. கூடை நாற்காலியில் தூக்கிக்கொண்டு ஏறியது நம்ம ஆட்கள்.

திண்டிவனம் இந்த வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். ஐடா ஸ்கடர் கதை எல்லோருக்கும் தெரியும். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனம் மிஷன் பங்களாவில், ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்கிறார்கள். ஐடா டாக்டரில்லை, டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். அதன் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய், கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி, வேலூர் சி.எம்.சி.யாக வளர்ந்த ஆஸ்பத்திரியைத் தொடங்குகிறார்.

இந்தக் கதையாடலில் வழக்கமாக விட்டுப்போகிற நான்காவது பெண் ஒருத்தி உண்டு. ஐடா திண்டிவனத்துக்கு வந்ததே நோயுற்றிருந்த தன் அம்மாவைக் கவனிக்கத்தான். அந்த அம்மாவுக்கு வீட்டிலேயே டாக்டர். கடல் கடந்து வந்த மகள். பின்னால் ஒரு மிஷன். வேண்டுமானால் ஊர் திரும்பக் கப்பல். மூன்று பெண்களுக்கு இருந்ததோ ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற சாதி, மத ஒழுக்கம் மட்டும். நான்கு உடம்புகள், ஒரே ஊர். ‘வளரும் நாட்டில் வசதியில்லை’ என்ற வாக்கியம் அன்றைக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரி உண்மையாக இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வேலூருக்குப் பின்னாளில் வங்கதேசத்திலிருந்து நோயாளிகள் கூட்டங்கூட்டமாக வந்திருக்கிறார்கள். விட்டுக் கிளம்ப வேண்டிய இடம், போய்ச்சேர வேண்டிய இடமாக மாறியிருக்கிறது.

4

இனி ஆரோவில். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்டது. 1988இல் பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின்கீழ் வருவது. அங்கே வசிப்பவர்கள் மாதப் பங்களிப்புச் செலுத்தித் தங்களுக்குள் ஓர் உடல்நல நிதியை நடத்துகிறார்கள். கம்பெனியின் இன்சூரன்ஸைவிட இது மொய்க்குக் கிட்டத்தில் வருகிறது என்று சொல்லலாம். கட்டுகிறவரும் எடுக்கிறவரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். உறுப்பினரான தமிழர்களும் இதில் உண்டு. குயிலாப்பாளையத்தில் உள்ள சுகாதார நிலையம் சுற்றுக் கிராமத்தாருக்கும் வைத்தியம் பார்க்கிறது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஆரோவில்வாசியாகி, தம்பி அங்கே கூலிவேலைக்குப் போகிறவனாக இருந்தால் அண்ணன் உடம்புக்கு ஒரு கணக்கு, தம்பி உடம்புக்கு வேறு கணக்கு. இங்கே கோடு நிறத்தின் மேல் ஓடவில்லை, உறுப்பினர் பட்டியலின் மேல் ஓடுகிறது.

பக்கத்துப் புதுச்சேரியில் இந்தக் கோடு இன்னும் வேடிக்கையாக வளைகிறது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே பிரான்ஸில் தனிக் காப்பீட்டு நிதி இருக்கிறது. விருப்பமும் சந்தா கட்ட வசதியும் இருந்தால் சேரலாம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதே தெருவில் இருக்கும் தமிழர், கணக்குப்படி ‘வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்’. ஆக ‘எக்ஸ்பேட்’ என்பது எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்ததல்ல. எந்த நாடு அவர் உடம்பைத் தன் கணக்கில் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

5

எந்த நாடும் கணக்கில் வைத்துக்கொள்ளாத உடம்புதான் அகதி. 1951ஆம் வருஷத்து ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் 1983 முதல் வந்த ஈழத்தமிழர்கள் இங்கே சட்டப்படி அகதிகளே அல்ல, வெறும் வெளிநாட்டார். 1946ஆம் வருஷத்துச் சட்டம் போய் 2025இல் புதிய குடியேற்ற, வெளிநாட்டார் சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. அதே சட்டம், வெளிநாட்டு உள்நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தகவல் கொடுக்கும் பொறுப்பை ஆஸ்பத்திரிகள் மேல் வைக்கிறது. ஜுரத்தோடு படுத்திருக்கும் கட்டிலுக்கே ‘நீங்க யாரு?’ வந்துவிடுகிறது.

தமிழக அரசு மட்டும் இங்கே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு இல்லாமலே இடம் உண்டு. குடியுரிமை இல்லாதவருக்குக் காப்பீடு என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் ‘முகாம்வாசி’ என்ற சொல்லைக் கவனிக்கவும். 2021இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர். வெளியில், போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். வெளியே இருப்பவர் ஏழையாகவே இருந்தாலும் இந்தச் சலுகைக்குள் வருவதில்லை. எக்ஸ்பேட்டின் பாலிசி அவர் கிளம்பிப் போக உதவுகிறது. அகதியின் அட்டையோ இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பாமல் இருக்கிறவரைதான் செல்லுபடி.

6

மூன்றாமவர், குவைத்துக்குப் போகிறவர். பத்தாவது பாஸ் பண்ணாதவர் வளைகுடா, மலேசியா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசிடம் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். அவருக்கு 2003இல் தொடங்கிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் செத்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். உடலைக் கொண்டுவரும் செலவும், கூட வருகிற ஒருவரின் விமானக் கட்டணமும் உண்டு. ‘விபத்தில்’ என்ற சொல்தான் இங்கே வெட்டுகிறது. ஐம்பது டிகிரி வெயிலில் வேலை செய்து, ராத்திரி தூக்கத்தில் நெஞ்சடைத்துச் செத்தால் சர்டிபிகேட்டில் வருவது ‘இயற்கை மரணம்’. எது விபத்து, எது இயற்கை என்பதை உடம்பு சொல்வதில்லை, பாலிசி சொல்கிறது. எவால்ட் சொன்ன பகுப்பின் அதிகாரத்தை இதைவிடத் தெளிவாகப் பார்க்க முடியாது.

வளைகுடா நாடுகள் சிலவற்றில் முதலாளியே தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அபுதாபியில் 2005இலும், துபாயில் 2013இலும் இயற்றினார்கள். நல்லதுதான். ஆனால் அது வேலையோடு வருவது, வேலையோடு போவது. சிறுநீரகம் கெட்டு வேலைக்கு ஆகாமல் ஊர் திரும்புகிறவருக்கு அங்கத்திய அட்டை பயன்படாது. கடைசியில் அவர் வந்து நிற்கிற இடம் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியோ, முண்டியம்பாக்கமோ, ஜிப்மரோதான்.

7

தொகுத்துப் பார்த்தால்: எக்ஸ்பேட்டின் காப்பீடு, உயிரோடு வெளியேறும் உரிமை. அகதியுடையது, அசையாமல் இருப்பதற்கான கூலி. லேபருடையது, பெரும்பாலும் பெட்டியில் திரும்பி வருவதற்கான கட்டணம். நோய் ஒன்றாகவே இருக்கலாம், காகிதங்கள் வேறு.

இன்சூரன்ஸே வேண்டாம் என்பது இதன் முடிவல்ல. அட்டை இருக்கிற குடும்பம் கடன் வாங்காமல் இதய ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புவதை அலட்சியமாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அட்டை எதற்குப் பணம் தருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் படுத்துப் பார்க்கிற வைத்தியத்துக்கு, ஆபரேஷனுக்கு. தினமும் தின்கிற சர்க்கரை மாத்திரைக்கு அல்ல. 2021 முதல் அந்த மாத்திரை வீடு தேடி வருகிறதென்றால், அது காப்பீட்டில் வரவில்லை; பொதுச் சுகாதாரத்துறையின் ஆட்கள் மூலம் வருகிறது. இப்போது அரசு ஆஸ்பத்திரியே தான் செய்த ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் கோரிப் பெறுகிறது. இந்தப் பழக்கம் முற்றினால், ‘என்ன செய்யுது?’ என்று கேட்கிற கடைசி இடத்திலும் ‘அட்டை இருக்கா?’ என்ற கேள்வி முதலில் வந்து நின்றுவிடும்.

எனவே உடனடியாகக் கேட்க வேண்டியவை மூன்று. முகாமுக்கு வெளியே பதிந்து வாழும் 34,000 பேரும் அட்டைக்குள் வர வேண்டும். வெளிநாட்டில் வேலைக்குப் போனவரின் சாவு எதுவானாலும், விபத்து-இயற்கை என்று பிரிக்காமல் பணம் தர வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யார் வந்தாலும் பார்க்கிற ஓ.பி. சீட்டை, அதற்கான டாக்டர், நர்ஸ், மருந்தோடு காப்பாற்ற வேண்டும். அந்தச் சீட்டிலும் ‘ஊர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் என்று எழுதினாலும், ஆரோவில் என்று எழுதினாலும், நேற்று குவைத்திலிருந்து வந்தேன் என்று சொன்னாலும் அடுத்த கேள்வி மாறாமல் இருக்கிறது. மாறாமல் இருக்க வேண்டும்.