ஸ்காலர்ஷிப் இல்லை, ஃபீஸும் கட்டணும்... அப்புறம் ஏன் ஆடுறாங்க? அமெரிக்க சின்ன காலேஜ் ஃபுட்பால் சீசன் ஒரு பார்வை

அரூர் பக்கம் ஒரு கல்லூரி கபடி டீமை எடுத்துக்கோங்க. சேலம் பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போவார்கள். இந்த மாதிரி போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட்தான். காலையில் முதல் மேட்ச் தோற்றால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே அந்த டீமுக்கு அந்த வருஷம் முடிஞ்சது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பதும் இந்தப் போட்டிகளை வைத்துத்தான். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இட ஒதுக்கீடு இருக்கும் நிலையில், அந்த ஒரு காலை நேரம் சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவில் இதே அளவு சின்ன கல்லூரியில் ஆடும் பையனுக்கு ஒரு சீசனில் 10 மேட்ச் உறுதி. செப்டம்பர் முதல் நவம்பர் நடுவரை, பெரும்பாலும் சனிக்கிழமைதோறும். முதல் வாரம் 40 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை மேட்ச் உண்டு.

'டிவிஷன் 3' என்றால் என்ன?

லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், கோடிகளில் டிவி ஒப்பந்தம் என நாம் ரீல்ஸில் பார்ப்பதெல்லாம் டிவிஷன் 1. 2025 ஜூனில் வந்த கோர்ட் ஒப்புதலுக்குப் பிறகு, அங்கே ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். நம்ம காசில் 170 கோடி ரூபாய்க்கு மேல்.

டிவிஷன் 3 இதற்கு நேர் எதிர். 400-க்கும் அதிகமான கல்லூரிகள் இருக்கும் இந்தப் பிரிவில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது. அதில் 200-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஃபுட்பால் டீம் இருக்கிறது. (காலால் ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவது. நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறணும், இல்லேன்னா பந்து எதிரணிக்கு.) நாடு முழுக்க இருந்து 40 அணிகள் பிளே-ஆஃப் போகும். இந்த அளவு 2024-ல்தான் வந்தது. அந்த சீசன் ஃபைனலில் நார்த் சென்ட்ரல் கல்லூரி, 13 முறை சாம்பியனான மவுன்ட் யூனியனை 41-25 என வீழ்த்தியது.

சரி, காசு கொடுக்காத கல்லூரி எதற்கு டீம் நடத்துது? இதில் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கு. ஆடுகளத்தில் நிற்பது 11 பேர்தான் என்றாலும் டீமில் 100 பேர் வரை இருப்பார்கள். அந்த 100 பேரும் ஃபீஸ் கட்டும் மாணவர்கள். அட்மிஷன் குறையும் சின்ன தனியார் கல்லூரிகள் புதுசா ஃபுட்பால் ஆரம்பிப்பதன் ரகசியம் இதுதான். பெஞ்சிலேயே நாலு வருஷம் உட்காரும் பையன்கூட கல்லூரிக்கு வருமானம்!

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2007-ல் ஃபுட்பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 மே 31-ல் கல்லூரியையே மூடினார்கள். அதே நாளில் அதன் பேஸ்பால் அணி தேசிய ஃபைனல்ஸ் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெர்சியில் பெயர் இருக்கு, கல்லூரிதான் இல்லை.

விசில் அடிக்காத கோச்

இந்த உலகத்தின் பெரிய பெயர் ஜான் காக்லியார்டி. மினசோட்டாவில், பெனடிக்டின் துறவிகள் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1953 முதல் 2012 வரை கோச். மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் எந்தப் பிரிவிலும் இவ்வளவு வெற்றி பெற்ற கோச் வேறு யாரும் கிடையாது.

அவர் பயிற்சி முறை விசித்திரம். பிராக்டிஸில் டேக்கிள் கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் மோதித் தள்ளுவதே இந்த ஆட்டத்தின் உயிர், அதையே அவர் தடை செய்தார். விசில் இல்லை, 90 நிமிஷத்துக்கு மேல் பயிற்சி இல்லை, 'கோச்' என்று கூப்பிடவும் கூடாது. 'ஜான்'னு கூப்பிட்டால் போதும். நம்ம ஊர் பி.டி. சார்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்களோ!

சாஃப்டான டீம் என்று நினைக்க வேண்டாம். 2003 ஃபைனலில் இவர்கள் மவுன்ட் யூனியனை 24-6 என வென்று, அவர்களின் 55 தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். தலைக் காயம் பற்றிய பயம் இந்த ஆட்டத்தைத் துரத்தும் இன்றைய நிலையில், டேக்கிள் இல்லாத பயிற்சியைப் பல கல்லூரிகள் லேட்டாகத் திரும்பிப் பார்க்கின்றன.

இந்தியாவுக்கு வந்துச்சா?

வந்தது. 2011-ல் 'எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' அறிவிக்கப்பட்டது. மைக் டிட்கா, கர்ட் வார்னர் போன்ற அமெரிக்க ஸ்டார்கள் பணம் போட்டார்கள். 2012 சீசன் ஃபைனலில் புனே மராத்தாஸ், டெல்லி டிஃபெண்டர்ஸை 6-0 என வென்றது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை. கிரிக்கெட் நாட்டில் ஹெல்மெட், ஷோல்டர் பேட் என ஆளுக்கொரு செட் வாங்கித் தருவது யாருக்கு முடியும்?

இப்போது வேறு வழி திறந்திருக்கிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் ஃப்ளாக் ஃபுட்பாலை 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது. ஒரு பக்கம் ஐந்து பேர். மோதல் கிடையாது. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் ஆள் அவுட் மாதிரி. வளைந்து நெளிந்து தப்பிக்கும் கபடி ரெய்டருக்கு இது புதுசாக இருக்காது. ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்களில் 6, பெண்களில் 6 அணிகளுக்குத்தான் இடம். 2028-க்குள் இந்தியா அங்கே நிற்கும் என்று எதிர்பார்ப்பது ஓவர்.

அரூருக்குப் பயன்படக்கூடியது அந்த ஆட்டத்தைவிட அதன் சீசன் முறைதான் என்று தோன்றுகிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, தருமபுரி, ஊத்தங்கரை எல்லாம் பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பும் தூரம். நாலு டீம், ஆளுக்கு ஆள் ரெண்டு முறை மோதினால் ஒவ்வொரு டீமுக்கும் ஆறு சனிக்கிழமை கபடி. தேவை ஒரு மைதானம், ஒரு நடுவர், பஸ் காசு.